அவெஞ்சர் ஃபேரிங்கில் ஸ்பீக்கர்: பின்பக்கத்தை அடைத்த பிறகுதான் பாட்டு கேட்டது

பைக்கில் ஸ்பீக்கர் மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். நிற்கும்போது நன்றாக இருக்கிறது, 50-ஐத் தாண்டினால் ஒன்றுமே கேட்கவில்லை. உடனே இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர், இன்னும் பெரிய ஸ்பீக்கர் என்று தேடப் போய்விடுகிறார்கள். நான் என் பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூஸ் பைக்கில் ஃபைபர் பேட்விங் ஃபேரிங் போட்டு அதில் ஐந்தேகால் இன்ச் ஸ்பீக்கர் இரண்டு பொருத்தியிருக்கிறேன். சின்ன ஆம்ப்தான். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி என்று ஹைவேயில் 80-இல் போகும்போதும் பாடுகிறவர் குரல் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. இந்த வேலையில் என் நேரத்தை அதிகம் தின்றது ஸ்பீக்கர் உட்காரும் வளையமும், அதன் முதுகில் வைத்த மூடிய பெட்டியும்தான். அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன், வயரிங் எல்லாம் பிறகு.

பேட்விங் என்பது வௌவால் சிறகு விரித்த மாதிரி ஹாண்டில்பாரை ஒட்டி நிற்கும் ஃபேரிங், அதாவது காற்றைத் தடுக்கும் முன் மூடி. ஹார்லி டேவிட்சன் 1969-இல் எலெக்ட்ரா கிளைடில் கொண்டுவந்த வடிவம், இன்றைக்கும் க்ரூஸர் வண்டிக்கு ஃபேரிங் செய்கிறவர்கள் அதைத்தான் பார்த்துச் செய்கிறார்கள். முன்னால் காற்றை வாங்கும் வெளி ஓடு, நம்மைப் பார்த்திருக்கும் உள் பேனல் என்று இரண்டு துண்டு. ஸ்பீக்கர் உள் பேனலில் உட்காரும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் நமக்குக் கிடைக்கிற இடம். என் வண்டியில் ஃபேரிங் முன் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புகிற வகை. அதாவது அதில் ஏற்றும் ஒவ்வொரு கிராமையும் ஹாண்டில் சுமக்கிறது. இதை மனதில் வைத்துத்தான் எல்லாப் பொருளும் வாங்கினேன்.

உள் பேனலில் ஓட்டை ஏற்கெனவே போட்டுத்தான் தந்திருந்தார்கள். அதில் ஸ்பீக்கரை வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கிவிட்டால் பாடும், ஆனால் சரியாகப் பாடாது. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அந்த இடத்தில் ஃபைபர் 3 மி.மீ. தடிமன்தான். ஸ்பீக்கர் கோன், அதாவது நடுவில் அதிரும் கூம்பு, ஆடும்போது பேனலும் சேர்ந்து அதிர்ந்து, நாம் கொடுக்கும் பவரில் ஒரு பங்கு ஃபைபரை ஆட்டவே போய்விடும், போதாததற்கு ஒரு கிரகிர சத்தமும் வரும். இரண்டாவதுதான் பெரிய காரணம். கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் நேர் எதிர். பின்பக்கம் திறந்திருந்தால், பின் அலை ஃபேரிங் சந்து வழியாகச் சுற்றி முன்னால் வந்து முன் அலையைத் தின்றுவிடும். கீழ்ஸ்தாயியும் நடு ஸ்தாயியின் கீழ்ப்பாதியும்தான் இதில் அதிகம் அடிபடும். மிச்சமிருப்பது கீச்சென்ற மேல் சத்தம் மட்டும், அதை ஹெல்மெட் தடுத்துவிடும். பிறகு எத்தனை வாட்ஸ் கொடுத்து என்ன பயன்?

அதனால் முதலில் வளையம். 12 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் இரண்டு வளையம் வெட்டிக்கொண்டேன். கடையில் கேட்கும்போது ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சாதா ப்ளைவுட் ஒரு மழையில் ஊதிவிடும். பெட்டிக்கு 160 மி.மீ. பிவிசி எண்ட் கேப், ஆறு இன்ச் பைப்புக்கு மூடி போடுவோமே அதுதான், பிளம்பிங் கடையில் கிடைக்கும். உள்ளே சந்து குறைவாக இருந்ததால் 80 மி.மீ. உயரத்துக்கு அறுத்துக்கொண்டேன். சுமார் ஒன்றரை லிட்டர் கொள்ளளவு வரும். ஐந்தேகால் இன்ச் ஸ்பீக்கருக்கு இது குறைவுதான், ஆழமான பேஸ் வராது. ஆனால் பைக்கில் ஆழமான பேஸ் தேவையே இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வளையத்தைப் பேனலோடு ஒன்றாக்க ரெசின் வேலை, ஃபைபர் செய்யும் பிசின்தான் ரெசின், அதை இறுக வைப்பது ஹார்டனர். இதற்கு ஆற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறைக்குப் போனேன், வண்டி பம்பர், மட்கார்டு எல்லாம் செய்கிற இடம். விஷயத்தைச் சொன்னதும் பாய் ஆர்வமாகிவிட்டார். "தம்பி, இந்த வெயிலுக்கு ஹார்டனர் ரெண்டு பர்சென்ட் ஊத்தினா ப்ரஷ் எடுக்கிறதுக்குள்ள கட்டியாயிடும். ஒண்ணு போதும். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்ன வாங்க, முடிச்சிடலாம்" என்றார். சரிங்க பாய் என்று அப்படியே போனேன். வேலூர் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்பது சாதாரணம், பாலியெஸ்டர் ரெசின் சூட்டில் சீக்கிரம் இறுகும், அவசரத்தில் இறுகினால் உள்ளுக்குள் விரிசல் விடும். வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரெசினில் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, கடைசியாகத்தான் ஹார்டனர் ஊற்ற வேண்டும், கண்ணாடி, கையுறை இரண்டும் போட்டுக்கொண்டு.

பேனலின் உள்பக்கத்தை 60 நம்பர் எமரி போட்டுச் சொரசொரப்பாக்கி, வளையத்தை வைத்து, சாப்டு மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பை இரண்டு அடுக்கு ரெசினில் நனைத்து ஓரம் முழுவதும் ஒட்டினோம். ப்ளைவுட்டின் வெட்டு ஓரத்துக்கும் ரெசின் குடிக்கக் கொடுத்தோம், தண்ணீர் ஏறுவது அந்த ஓரம் வழியாகத்தான். காய்ந்த பிறகு விரலால் தட்டிப் பார்த்தால் முன்பிருந்த 'டப் டப்' போய் 'டொக்' என்று கேட்டது. அந்தச் சத்தம் வந்தால் பேனல் இனி ஸ்பீக்கரோடு ஆடாது என்று அர்த்தம். ஃபைபர் தேய்க்கும்போது வரும் தூள் தோலில் ஒட்டினால் நாள் முழுக்க அரிக்கும், முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ட் கேப்பை வளையத்தின் பின்னால் நிரந்தரமாக ஒட்டவில்லை. கழற்ற வேண்டி வரும், அதனால் எல் கிளாம்ப் நாலு வைத்து போல்ட் போட்டேன், இடையில் கேஸ்கெட். இந்தக் கேஸ்கெட்டுக்குத்தான் நம்ம ஊரில் இருப்பது பெரிய வசதி. ஆம்பூரில் ஷூ மெட்டீரியல் விற்கும் கடைகளில் ஈவா ஷீட் 2 மி.மீ., 3 மி.மீ., 5 மி.மீ. என்று எல்லாத் தடிமனிலும் கிடைக்கிறது, செருப்பு, ஷூ சோலுக்குப் போடுகிற அதே ஷீட். மழையில் ஊறாது, அழுத்தினால் உட்கார்ந்து நன்றாக அடைக்கும். 3 மி.மீ. ஷீட்டில் வட்டம் வெட்டி ஸ்பீக்கருக்கும் வளையத்துக்கும் நடுவே ஒன்று, வளையத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஒன்று. ஒட்டுவதற்கும் ஷூவுக்குப் போடும் ரப்பர் சொல்யூஷன்தான், இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு அழுத்த வேண்டும். க்ளூ கன் எங்கேயும் பயன்படுத்தாதீர்கள். கறுப்பு ஃபேரிங் மே மாத மத்தியானம் வெயிலில் நின்றால் அந்தப் பசை இளகி எல்லாம் கழன்று தொங்கும். பெட்டிக்குள் தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு கொஞ்சம் தளர்வாக வைத்தேன், இலவம் பஞ்சோ பருத்தியோ ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம். அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் 2 மி.மீ. ஓட்டை ஒன்று. உள்ளே ஈரம் சேர்ந்தால் வடிவதற்கும், வெயிலில் காற்று விரிந்தால் வெளியேறுவதற்கும் அது போதும், அந்த அளவு ஓட்டையால் சத்தம் கெடாது.

பெட்டி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது. அதனால் வலது பக்கம் மட்டும் பெட்டி மாட்டி, இடது பக்கம் முதுகைத் திறந்தே விட்டு, காட்பாடிப் பக்கம் ஒரு சுற்று போய்வந்தேன். நிற்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான். 40-இல் இடது பக்கம் மெலிந்தது. 60-இல் இடது பக்கத்தில் தாளத்தின் கிலுகிலுப்பு மட்டும் மிச்சம், வலது பக்கத்தில் குரல் முழுதாக இருந்தது. ஒரே ஸ்பீக்கர், ஒரே ஆம்ப், ஒரே வால்யூம். வாட்ஸ் பற்றிய வாதத்துக்கெல்லாம் எனக்கு அந்த ஒரு சுற்று போதும்.

இனி ஸ்பீக்கர். பெட்டியில் போட்டிருக்கும் 300 வாட்ஸ், 500 வாட்ஸ் எண்ணைப் பார்க்காதீர்கள், அது ஒரு நொடி உச்சத்துக்குப் போடும் எண். சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி பவர் போதும். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 93 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 6 டெசிபல் வித்தியாசம், அதாவது இரண்டாவது ஸ்பீக்கர் கால்வாசி பவரில் அதே சத்தம் தரும். பைக் பேட்டரிக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. கோன் பேப்பராக இருக்கக் கூடாது, பாலிப்ராப்பிலீன் கோன், அதன் ஓரத்தில் ரப்பர் சரவுண்ட் பார்த்து வாங்குங்கள், மரைன் என்று விற்கும் ஸ்பீக்கர்கள் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். நியோடிமியம் காந்தம் கிடைத்தால் எடை நன்றாகக் குறையும், ஃபேரிங் ஃபோர்க்கில் நிற்கிற வண்டிக்கு அது முக்கியம்.

ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது சுமார் 14 வோல்ட். வோல்டேஜை உள்ளுக்குள் உயர்த்தாத எந்தச் சின்ன ஆம்பும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த 14 வோல்ட்டுக்குள்தான் ஆட முடியும். 14-ஐ 14-ஆல் பெருக்கி, 4-இன் இரண்டு மடங்கான 8-ஆல் வகுத்தால் 24.5. அவ்வளவுதான், ஒரு சேனலுக்கு 24 வாட்ஸ் சொச்சம், சத்தம் பிசிறாமல் வேண்டுமென்றால் 20. மேலே என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் கணக்கு மாறாது. நான் போட்டது கிளாஸ் டி வகை, இரண்டு சேனல், புளூடூத் சேர்ந்த போர்டு. இந்த வகை சூடாகாது, இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி சத்தமாகவே மாறும். இரண்டு சேனலும் முழு மூச்சில் பாடினாலும் மூன்றரை ஆம்பியர் பக்கம்தான் இழுக்கும், ஒரு ஹெட்லைட் பல்பை விடக் குறைவு. பாட்டு என்பது ஏறி இறங்குவது என்பதால் சராசரி அதைவிடவும் கீழே.

வாங்குவதற்கு முன்பே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6 பக்கம், ஹெட்லைட் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் 13.8 முதல் 14.4-க்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் ரெகுலேட்டரையும் பேட்டரியையும் பாருங்கள், பாட்டு பிறகு.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 7.5 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸை ஃபேரிங் பக்கம் வைத்தால், வயர் நடுவில் எங்காவது ஃப்ரேமில் உரசினால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு ரிலே, சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், அதன் முனைகளில் எண் போட்டிருக்கும்: 30-இல் உள்ளே, 87-இல் வெளியே, 86-க்கு சாவி போட்டால் கரண்ட் வரும் ஒரு வயர், 85 நெகட்டிவுக்கு. சாவியை எடுத்தால் ஆம்ப் தானாக அணைந்துவிடும், பேட்டரி இறங்கும் பயம் இல்லை. ஆம்பின் நெகட்டிவை ஃப்ரேமில் எங்கேயோ ஒரு போல்ட்டில் மாட்டாமல் நேராக பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனேன். முறுக்கினால் கூடவே ஏறும் அந்த 'ஞொய்ங்' சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஃப்ரேமில் எடுத்த நெகட்டிவ்தான். போனையும் வண்டியிலேயே சார்ஜ் போட்டு, அதையே ஆக்ஸ் வயரில் ஆம்புக்கும் கொடுத்தால் அதே சத்தம் வேறு வழியில் வரும், புளூடூத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்டீயரிங் கழுத்தில் வயரை இறுக்கிக் கட்டாதீர்கள். ஹாண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பி, எந்த இடத்திலும் வயர் விறைக்காத அளவு தொங்கல் விட்டு, பின்னல் உறை போட்டு, கேபிள் டை கட்டினேன். ஃபேரிங்கின் ஓரம் டேங்கில் இடிக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஸ்பீக்கர் பாசிட்டிவ், நெகட்டிவ் சந்தேகமாக இருந்தால் ஒரு 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே தள்ளினால் செல்லின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். ஒன்று நேராகவும் ஒன்று மாற்றியும் கொடுத்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடுவில் குரல் வெறுமையாகிவிடும்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பாசிட்டிவ் வயரில் 220 மைக்ரோஃபாரட் நான் போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) கப்பாசிட்டர் ஒன்று கோர்த்தேன். 4 ஓமுக்கு அது சுமார் 180 ஹெர்ட்ஸில் வெட்டும், அதற்குக் கீழே உள்ள பேஸ் ஸ்பீக்கருக்குப் போகாமல் மெல்லத் தேயும். பேஸை ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்பார்கள். ஹெல்மெட்டைச் சுற்றி வரும் காற்று இரைச்சல் பெரும்பாலும் கீழ்ஸ்தாயிதான், நம் பேஸ் எவ்வளவு போனாலும் அது விழுங்கிவிடும். ஆனால் ஆம்பின் பவரையும் கோனின் ஓட்டத்தையும் அதிகம் தின்பது அதே பேஸ். காதுக்கு வராத ஒன்றுக்கு ஏன் பவர் கொடுக்க வேண்டும்? அதை வெட்டியதும் குரலுக்கு இடம் கிடைத்தது, வால்யூமை இன்னும் இரண்டு படி பிசிறில்லாமல் ஏற்ற முடிந்தது. கனமான பேஸ் பாட்டுக்காகவே வண்டியில் ஸ்பீக்கர் வேண்டும் என்பவர்களுக்கு இந்த அமைப்பு பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்டது கூத்துப் பதிவுகள். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு, விடிய விடிய நடக்கும். அதில் பாடுகிறவர்கள் திறந்த வெளியில் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும் என்று உச்சக் குரலில் பாடிப் பழகியவர்கள், கூடவே ஹார்மோனியம், முகவீணை என்ற சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுகருவி, மத்தளம். அந்தக் குரலும் முகவீணையும் நிற்பது சரியாக நடு ஸ்தாயியிலும் அதற்குச் சற்று மேலேயும். திறந்த வெளியில் சத்தம் எதில் பிழைக்கும் என்பதை அவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்குத் தோன்றும். என் கணக்கில் 80-இல் விருத்தத்தின் வார்த்தை புரிந்தால் ஸ்பீக்கர் பாஸ்.

ஸ்பீக்கர் நெஞ்சைப் பார்த்து இருக்கக் கூடாது, ஹெல்மெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்கும் வளையத்துக்கும் நடுவில் ஈவா துண்டுகளை ஆப்பு மாதிரி வைத்து 15 டிகிரி அளவுக்கு மேலே திருப்பினேன், அந்தச் சின்னத் திருப்பத்திலேயே வார்த்தை தெளிந்தது. எல்லாச் சோதனையும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போட்டுத்தான். வழக்கமாகப் போடும் ஹெல்மெட்டோடு கேட்டு வைத்த கோணம்தான் சாலையில் உதவும். ஏலகிரி ஏறியபோது 14 கொண்டை ஊசி வளைவிலும் ஹாண்டில் திருப்பம் எப்படி என்று கவனித்தேன். எடை கூடியது மெதுவான வளைவில் லேசாகத் தெரிகிறது, பயப்படும்படி இல்லை. ஹைவேயில் நடுக்கம் வந்தால் ஃபேரிங் ஸ்டே போல்ட்டையும் ஸ்டீயரிங் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன்செட்டையும் முதலில் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நம்ம ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் எந்த நேரமும் எங்கிருந்தெல்லாமோ வந்த நோயாளிகள் நிற்கிறார்கள், அவர்கள் காதில் நம் பாட்டு விழ வேண்டிய அவசியம் இல்லை. இடது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து ரிலேயின் 86 வயரை அதன் வழியாகக் கொண்டுவந்தேன். ஊருக்குள் நுழையும்போது ஒரே அழுத்தில் முழுவதும் அணையும். பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் கேட்க வேண்டும், லாரிக்காரர் ஹாரன் கேட்க வேண்டும், அந்த அளவுக்கு மேல் ஹைவேயிலும் நான் ஏற்றுவதில்லை.

போல்ட் எல்லாம் எம் 5 ஸ்டெயின்லெஸ், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு, அகல வாஷர். சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் சாதா நட்டு நிற்காது. போட்ட புதிதில் ஈவா ஷீட் அழுந்தி உட்காரும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப முடுக்கினேன். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அந்த 2 மி.மீ. ஓட்டையில் குளவி மண் வைத்து அடைத்துவிடும் என்று பாய் சொன்னார், பட்டறையில் நிற்கும் ஃபைபர் பீஸ்களில் அப்படி அடைத்ததையும் காட்டினார். அதற்குப் போட நெருக்கமான எஃகு வலை வாங்கி வைத்திருக்கிறேன், மழை தொடங்கும் முன் ரப்பர் சொல்யூஷன் வைத்து ஒட்டிவிடுவேன்.